அப்பா கும்பிடுவதை நிறுத்திவிட்டார், "நான் என்ன தப்பு பண்ணினேன்" என்று கேட்கிறார். என்ன பேசுவது?

வானம்பாடி (கேள்வி):

மூன்று நாளாக இதை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு எப்படியாவது போட்டுவிட வேண்டும். அப்பாவுக்கு 71 வயது. கணையத்தில் புற்றுநோய், கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் போயிருந்தது. இரண்டு தடவை கீமோ கொடுத்துப் பார்த்தார்கள், உடம்பு தாங்கவில்லை. இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் இருக்கிறார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை தந்திருக்கிறார்கள், வாரம் ஒரு முறை நர்ஸ் வந்து பார்க்கிறார்.

என் கேள்வி மருந்தைப் பற்றியதில்லை. அப்பா 34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காலையில் எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உட்காருவார், காய்ச்சலில் கிடந்தாலும் அது தவறாது. ஒரு மாதமாக அது நின்றுவிட்டது. கோபப்பட்டு நிறுத்தவில்லை, ஒரு நாள் உட்காரவில்லை, மறுநாளும் உட்காரவில்லை, அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்கிறார். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க ஒரு தப்பும் பண்ணலப்பா" என்று சட்டென்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு தடவை அதே கேள்வி, அதே பதில், அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை வந்தால், இதெல்லாம் கடவுள் வைக்கிற சோதனை, நம்பிக்கையை விட்டுவிடாதே என்று காதருகே சொல்லிக்கொண்டே இருக்கிறார். தம்பிக்கு அந்தப் பேச்சே ஆகாது. அப்பா முன்னால் சாவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அவரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்கிறான். இரண்டு பேருமே அப்பாமேல் உயிரை வைத்திருப்பவர்கள். நான் நடுவில் நிற்கிறேன்.

இன்னொன்று. மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் "ஆன்மிகப் பராமரிப்பு தேவையா" என்று ஒரு கட்டம் இருந்தது. யாரையாவது அனுப்பிப் பிரசங்கம் பண்ணவைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து வேண்டாம் என்று போட்டுவிட்டேன். அது என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவும் நானும் இந்த மாதிரி விஷயங்களை ஒரு நாளும் பேசியதில்லை. எங்கே ஆரம்பிப்பது?

இரவுப்பணி:

நான் நோய்த்தணிப்புப் பிரிவில், அதாவது குணமாக்க முடியாத நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கிற பிரிவில், 16 வருடமாக நர்ஸ். மருந்தைப் பற்றிய கேள்வி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் நான் முதலில் அங்கேதான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணையத்தில் வரும் வலி வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவும். மல்லாந்து படுத்தால் அதிகமாகும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். ராத்திரி இரண்டு மணிக்கு முழிக்கிறார் என்றால் அவரை எழுப்புவது வலியா என்று பாருங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா என்று அட்டையை எடுத்து எண்ணியே பாருங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்த வலி நமக்கு வரவேண்டியதுதான், அனுபவித்துத் தீர்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டு மாத்திரையை வாயில் வாங்கி அப்புறம் துப்பிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள்.

சிசிலி சாண்டர்ஸ் என்று ஒருவர், நர்ஸாக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்து, அப்புறம் டாக்டருக்கும் படித்து, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கிற இல்லத்தை, தொடங்கியவர். வலி எப்படி இருக்கிறது என்று அவர் ஒரு நோயாளி அம்மாவிடம் கேட்டபோது, முதுகில்தான் ஆரம்பித்தது, இப்போது நான் முழுசாகவே சரியில்லை போலிருக்கிறது என்று அந்த அம்மா சொன்னாராம். அங்கிருந்துதான் "முழு வலி" என்ற பேச்சு எங்கள் வேலைக்குள் வந்தது. உடம்பு வலி, மனசு வலி, குடும்பம் பணம் என்று வருகிற வலி, அப்புறம் "நான் ஏன் பிறந்தேன், எனக்கு ஏன் இது" என்கிற வலி, நாலும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். நீங்கள் வேண்டாம் என்று போட்ட அந்தக் கட்டம் நாலாவதைப் பார்ப்பதற்கானது. கட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு போன் போதும்.

அப்பா கேட்கிறாரே, அந்தக் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் அன்பினால் வந்ததுதான், உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "ஒரு தப்பும் பண்ணல" என்றதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது பாருங்கள். அவர் மனசில் ஏதோ ஒரு தப்பு குறிப்பாக இருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு வழியே இல்லாமல் போகிறது. அடுத்த தடவை "எதை நினைச்சுப்பா கேக்குறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம், எனக்கே அது கைவர ஐந்தாறு வருடம் ஆயிற்று. வாய் தானாகத் திறக்கும், ஏதாவது ஆறுதல் சொல்லிவிடத் துடிக்கும். கையைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் நூறு வரை எண்ணுங்கள்.

அவராகக் கேட்காத நாளில் எப்படி ஆரம்பிப்பது என்றால், "மனசு அமைதியா இருக்காப்பா?" போதும். அமெரிக்காவில் ஒரு ஆய்வுக் குழு 2006இல் இதைத்தான் சொன்னது: நோயாளியின் ஆன்மிக நிலையை அறிய நீளமான கேள்வித்தாள் தேவையில்லை, நிம்மதியாக இருக்கிறீர்களா என்ற ஒரே கேள்வியே கதவைத் திறந்துவிடும் என்று. கடவுளை நம்புகிறவரிடமும் கேட்கலாம், நம்பாதவரிடமும் கேட்கலாம்.

கரையோரம்:

நர்ஸ் அக்கா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிரார்த்தனையே வேண்டாத வேலை என்று யாராவது புரிந்துகொள்ளப்போகிறார்கள். என் அம்மா நுரையீரல் புற்றுநோயில் போனார், நாலு வருடம் ஆகிறது. கடைசி இரண்டு வாரம் அம்மாவைத் தாங்கியது பிரார்த்தனைதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூச்சு வாங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா வழக்கமாகச் சொல்லும் வரிகளை மெதுவாகச் சொல்வேன். அம்மாவால் முழுசாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தைக்கு மட்டும் உதடு அசையும். அப்படி அசையும்போது மூச்சும் கொஞ்சம் நிதானப்படும்.

ஆனால் அதே அம்மாவுக்காகச் செய்த இன்னொரு பிரார்த்தனை எங்களுக்குக் கெடுதலாகப் போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் ஒரு குழுவாக வருவார்கள், நீங்கள் எழுந்து நடப்பீர்கள், நாங்கள் பார்த்தே தீருவோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். அவர்கள் போனதும் அம்மா என்னைப் பார்ப்பார். நான் சாகப்போகிறேன் என்று சொன்னால் நம்பிக்கையில்லாதவள் ஆகிவிடுவேனோ என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. இதை எனக்குப் புரிந்துகொள்ளவே பத்து நாள் பிடித்தது. அந்தப் பத்து நாளும் அம்மா சொல்ல நினைத்தது எதுவோ எனக்குத் தெரியாமலே போயிற்று.

அதனால் உங்கள் அத்தையைத் தடுக்க வேண்டாம். அப்பாவிடமே கேளுங்கள், "அத்தை வந்து சொல்றது உங்களுக்கு நல்லா இருக்கா, பாரமா இருக்கா?" என்று. பாரமாக இருக்கிறது என்றால் அத்தையை வாசலில் நிறுத்தி, "இன்னிக்குப் பேசாம கையை மட்டும் பிடிச்சிக்கிட்டு உக்காருங்க அத்தை, அது போதும்" என்று சொல்லிப் பாருங்கள். பாவம், அவர் கூடப்பிறந்தவர், அவருக்கும் ஏதாவது செய்தாக வேண்டும் இல்லையா.

செவி:

உங்கள் படிவத்தில் இருந்த கட்டத்தில் சரி என்று போட்டிருந்தால் என்னைப் போன்ற ஆன்மிகப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்தான் வந்திருப்பார். ஆகவே நானே சொல்கிறேன். நாங்கள் யாரையும் எந்த மதத்துக்கும் இழுப்பதில்லை, அப்படிச் செய்தால் வேலை போய்விடும், போகவும் வேண்டும். பாதி நேரம் நாங்கள் பேசுவது கடவுளைப் பற்றியே இருக்காது. வீட்டை விட்டுப் போன மகன், செய்யாமல் விட்ட வேலை, செத்தபின் நாயை யார் பார்ப்பார்கள் என்ற கவலை, இப்படித்தான் போகும். நோயாளி தன் மதத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டால் ஏற்பாடு செய்து கொடுப்போம்.

முதல் சந்திப்பில் நாலு விஷயம் தெரிந்துகொள்ளப் பார்ப்போம். இது கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற மருத்துவர் வகுத்துக் கொடுத்த முறை: உங்களுக்குப் பிடிமானமாக இருப்பது எது, இந்த நோய்க்காலத்தில் அதற்கு எவ்வளவு இடம், உங்களுக்குத் துணையாக நிற்கும் கூட்டம் ஏதாவது உண்டா, இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும், பேச்சோடு பேச்சாகத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் மருத்துவத்தின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. முற்றிய புற்றுநோய் உள்ள 230 பேரிடம் அமெரிக்காவில் கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், 72 சதவீதம் பேர் மருத்துவமனை தங்கள் ஆன்மிகத் தேவையைக் கொஞ்சமாகத்தான் கவனித்தது அல்லது கவனிக்கவே இல்லை என்று சொன்னார்கள். கரையோரம் எழுதியதோடு ஒத்துப்போகிற இன்னொன்றும் உண்டு. அதே ஆய்வாளர்கள் 2013இல் பார்த்தபோது, தங்கள் மதக் கூட்டத்திடமிருந்து மட்டும் பெரிய ஆதரவு கிடைத்தவர்கள் கடைசி வாரத்தில் ஐ.சி.யு. மாதிரியான தீவிர சிகிச்சையில் போய் முடிவது அதிகமாக இருந்தது. சிகிச்சை தருகிற குழுவே இந்தப் பேச்சையும் பேசிய இடங்களில் அது குறைந்தது. அதிசயம் நடக்கும் என்ற எதிர்பார்ப்பைத் தனியாகச் சுமப்பது எவ்வளவு பெரிய சுமை என்று நான் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் தம்பிக்கு ஒரு வார்த்தை. துக்கம் ஐந்து படியாக வரும் என்று எங்காவது படித்துவிட்டு, அப்பா இப்போது எந்தப் படியில் நிற்கிறார் என்று அளக்க வேண்டாம். 1969இல் அதை எழுதிய எலிசபெத் குப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவரே எல்லோரும் அந்த வரிசையில்தான் போவார்கள் என்று சொல்லவில்லை. காலையில் சிரிப்பார், மாலையில் சுவரைப் பார்ப்பார். சிரிக்கவைக்கட்டும், தப்பே இல்லை. ஆனால் சிரிக்காத நேரத்திலும் அந்த அறையிலேயே இருக்கட்டும்.

வாத்தியார் என்று சொன்னதால் ஒன்று தோன்றுகிறது. கனடாவில் வின்னிபெக்கில் ஹார்வி சாச்சினாவ் என்ற மனநல மருத்துவர் ஒரு முறையை உருவாக்கினார். நோயாளியின் வாழ்க்கையில் எது முக்கியம், எப்போது உயிர்ப்போடு இருந்ததாக உணர்ந்தார், வீட்டார் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் கேட்டு, பதிலைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்தி, அவர் விரும்புகிறவர்களிடம் கொடுக்கிறார்கள். முறையாகச் செய்யப் பயிற்சி வேண்டும். ஆனால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, "முதல் நாள் கிளாஸுக்குப் போனப்போ எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்க எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

மண்வாசம்:

ஒரு சந்தேகம், இங்கேயே கேட்டுவிடுகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, மனைவிக்கும் கிடையாது. அவளுக்கு இதயம் செயலிழந்துகொண்டு வருகிறது. எங்களுக்கெல்லாம் இது பொருந்துமா? "ஆன்மிகம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே அவள் முகம் மாறிவிடும்.

செவி:

பொருந்தும். வார்த்தையைத் தூக்கி எறிந்துவிடுங்கள், அந்த வார்த்தை அவருக்குத் தேவையில்லை. எது இருந்தால் இன்றைய நாள் அவருக்கு வீணாகாமல் போகும் என்று கேளுங்கள். நான் பார்த்த ஒருவருக்கு அது ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடுவதாக இருந்தது. அப்புறம் ஒன்று, இதய நோயில் எப்போது என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, ஏறும் இறங்கும். கடைசி நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சாரல்:

நான் நோயாளி. சினைப்பைப் புற்றுநோய், நாலாம் நிலை. நோயாளி பக்கத்திலிருந்தும் யாராவது சொல்ல வேண்டுமே என்று எழுதுகிறேன். "தைரியமா இருங்க" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் என் பயத்தை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டு, வந்தவரை நான் தேற்ற வேண்டியிருக்கிறது. "எல்லாம் நன்மைக்கே" அதைவிட மோசம். என் அக்கா ஒரு நாள் ஒன்றுமே சொல்லாமல் வந்து என் கால் நகத்தை வெட்டிவிட்டாள். வயிற்றில் நீர் கோத்திருப்பதால் என்னால் குனிய முடிவதில்லை, ஒரு மாதமாக வெட்டவில்லை, யாரிடமும் கேட்கவும் கூச்சம். பத்து விரலும் முடிவதற்குள் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொல்லியிருந்தேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசத் தேவையில்லாததால்தான் அது வெளியே வந்தது என்று நினைக்கிறேன். வாத்தியாரிடம் எதிரில் உட்கார்ந்து கேட்காதீர்கள் அக்கா. கையில் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்து கேளுங்கள்.

வானம்பாடி:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்கணும். இரவுப்பணி அக்கா, மாத்திரையை எண்ணினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் எழுதியது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் அவர் கண்ணாடியைத் துடைத்துத் தரலாம் என்று கூட்டைத் திறந்தால், துணிக்கு அடியில் பதினொரு மாத்திரை. சில மாத்திரைகள் எச்சில் பட்டுக் கரைந்து கூட்டோடு ஒட்டிப்போயிருந்தன. என் கை நடுங்கியது. இந்த மனுஷன் இவ்வளவு வலியோடு என் கண் முன்னால் படுத்துக்கொண்டு "பரவாயில்லம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

சாரல் சொன்ன மாதிரி எதிரில் உட்காரவில்லை. காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "எதை நினைச்சுப்பா அப்படிக் கேட்டீங்க?" என்றேன். நூறு வரை எண்ணச் சொன்னீர்கள், இருநூற்றைத் தாண்டிவிட்டது. அப்புறம் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு பையனைக் கம்பு முறிய அடித்திருக்கிறார். அவன் அழவில்லையாம், கையை நீட்டிக்கொண்டே நின்றானாம். அந்த வாரம்தான் அவன் அம்மா இறந்திருக்கிறார் என்பது அப்பாவுக்கு அப்புறம்தான் தெரிந்திருக்கிறது. பையன் அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை. பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தாரே, நான் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேனே, ஒவ்வொரு நாளும் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். "பதில் வந்துடுச்சு, இனி எதுக்குக் கேக்கணும்" என்றார். நோயைத்தான் பதில் என்கிறார்.

எனக்கு வாயடைத்துப்போயிற்று. அது சின்ன விஷயம்ப்பா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

இரவுப்பணி:

சரிதான். அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை, நீங்கள் சின்னதாக்கியிருந்தால் அவர் மறுபடி தனியாகப் போயிருப்பார். இப்போது இரண்டு பேர் சுமக்கிறீர்கள்.

முதலில் மருந்து. அந்தப் பதினொன்றையும் எடுத்துத் தனியாக வையுங்கள், விட்டுப்போனதற்குச் சேர்த்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இன்றைக்கே குழுவுக்குப் போன் பண்ணி எத்தனை நாளாகப் போடவில்லை என்று சொல்லுங்கள், அளவை அவர்கள்தான் புதுசாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். விழுங்க வேண்டாம் என்றால் தோலில் ஒட்டும் பட்டை மாதிரி வேறு வழியும் இருக்கிறது. மார்ஃபினால் மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். மார்ஃபின் சாவைச் சீக்கிரம் கொண்டுவரும் என்று வீட்டில் யாராவது பயந்தால், சரியான அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது என்று டாக்டரையே அவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் விஷயத்தில், நோய் தண்டனை இல்லை என்று நீங்கள் நினைப்பதை ஒரே ஒரு தடவை உங்கள் பேச்சாகச் சொல்லுங்கள், வாதம் பண்ணாதீர்கள். அப்புறம் "அவன்கிட்ட என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு, சம்மதித்தால் எழுதிக்கொள்ளுங்கள். அவன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இவ்வளவு வருடம் மனசுக்குள்ளேயே சொன்னதை ஒரு மனுஷர் காதால் கேட்பது வேறு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன், நேரம் வரும்போது உங்களுக்குப் படிக்கத் தோன்றாது. பேச்சு நின்று கண் திறக்காத நாள் வரும். அப்போது தண்ணீர் புகட்டாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துங்கள். மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், அது நமக்குக் கேட்கிற அளவுக்கு அவருக்குத் துன்பமாக இருக்காது. பேசிக்கொண்டே இருங்கள். வான்கூவரில் ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020இல் வெளியிட்டார்கள், எதற்கும் அசையாமல் கிடந்தவர்களில் சிலருடைய மூளை சத்தத்துக்கு ஈடு கொடுத்தது. அந்த நோட்டில் எழுதியதை அப்போது அவருக்கே படித்துக் காட்டலாம்.

வானம்பாடி:

போன் பண்ணிவிட்டேன் அக்கா. மாத்திரையை மாற்றித் தந்திருக்கிறார்கள், நேற்று ராத்திரி நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். கும்பிட இன்னும் உட்காரவில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டில் ஆறு வரி ஆகியிருக்கிறது. முதல் வரி அந்தப் பையனின் பெயர், அதன் கீழே அவனுடைய வருகைப்பதிவு எண். ஏழாவது வரியில் நிறுத்தி, மீதி நாளைக்கு என்றார். தம்பி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

படிவத்தையும் மாற்றச் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை ஒருவர் வருகிறார். அப்பாவிடம் சொன்னதற்கு எந்த மதம், என்ன படித்தவர் என்றெல்லாம் விசாரிக்கவில்லை. "வர்றவரு அவசரப்படாம உக்காருவாரா?" என்று மட்டும் கேட்டார்.